ஸ்பிண்டிலுக்குள் நான் வைத்த பொட்டு

கண்ணு,

போன வெள்ளிக்கிழமை உங்க நைனாவின் முதல் வருஷத் திதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பின பிறகு, தொண்டூர் மாமா உன்னைத் தோளில் கை போட்டு ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். எச்சில் இலைகளைக் கொட்டப் போகிற சாக்கில் நானும் பின்னாலேயே வந்தேன். "மெஷினு சும்மாதான்டா கெடக்குது. நீ வந்து ஓட்டுனா இன்னா?" என்று மாமா கேட்டார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மெஷினை நீ தொடக்கூட இல்லை. "வேணாம் மாமா. எனக்கும் அதுக்கும் ஆவாது. என் கை சரியில்லன்னு நைனாவே சொல்லிட்டாரு இல்ல" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். மாமாவும் சிரித்தார். நான் இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீ நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாய்.

அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் பயந்துவிடுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பம்ப் மூடிகளில் விழுந்த கோடு உன்னால் விழவில்லை. உன் ப்ரோகிராமில் தப்பு இல்லை, உன் கையிலும் இல்லை. அந்தக் கோட்டைப் போட்டவள் நான். இரண்டு வருஷத்துக்கு மேலாக இது எனக்குத் தெரியும். தெரிந்தே உன்னை அப்படி நினைத்துக்கொள்ள விட்டேன். இந்த வரியோடு நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டாலும் சரி, சொல்ல வேண்டியது இதுதான். மீதி எல்லாம் எப்படி நடந்தது என்பது.

உனக்குத் தெரியாத மெஷினா, இருந்தாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன், பத்தாவதோடு நின்றவள் சொல்வது எப்படியிருக்கும் என்று நீ சிரிக்கலாம். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த நம்பர்படி தானே ஓடித் தானே வெட்டுகிற மெஷின் அது. மேலே சுற்றுகிற தலை ஸ்பிண்டில். அதன் அடியில் புனல் மாதிரி ஒரு குழி. கட்டரைப் பிடித்திருக்கும் ஹோல்டர் அந்தக் குழிக்குள் போய் அச்சாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வெட்டின இடம் வழவழவென்று வரும். உட்காராமல் தலைமுடி அளவு சாய்ந்தாலும் கட்டர் ஆடிக்கொண்டே சுற்றும், வெட்டின இடமெல்லாம் கோடு கோடாக விழும். இதை எனக்குச் சொன்னது உங்க நைனாதான். அம்பத்தூரில் பத்தொன்பது வருஷம் ஆபரேட்டராக நின்று, பழைய மெஷின் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு செஞ்சிக்கு வந்த முதல் வாரமே சொன்னார். அன்றைக்குத் தூசு தட்டுகிறேன் என்று நான் அந்தக் குழிக்குள் முந்தானையை விட்டுத் துடைத்தேன். "அங்க கைய வெக்காதடி! அது மெஷினோட உசுரு" என்று திண்டிவனம் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அதனால் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. தெரிந்துதான் செய்தேன்.

அந்த மூடி ஆர்டர் வந்த வருஷ ஆயுத பூசை உனக்கு நினைவிருக்கும். டிப்ளமோ முடித்துவிட்டு நீ நைனாவோடு நிற்க ஆரம்பித்து இரண்டாவது வருஷம். புதுச்சேரிப் பக்கத்துப் பம்ப் கம்பெனிக்கு நீயே நேரில் போய்ப் பேசி, நீயே ப்ரோகிராம் எழுதி, சாம்பிள் கொடுத்து, அந்த அலுமினிய மூடி ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்தாய். மூடியின் மேல்முகத்தில் ரப்பர் வளையம் படிய வேண்டும், அங்கே கோடு இருந்தால் எண்ணெய் கசியும், அதனால் ஃபினிஷ் கண்ணாடி மாதிரி வேண்டும் என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னாய். நீ சம்பாதித்துக் கொண்டுவந்த முதல் வேலை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாகப் பூசையன்று மெஷினுக்குப் பொட்டு வைப்பது நைனாதான், எங்கே வைக்கலாம் எங்கே கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். அந்த வருஷம் காலில் சர்க்கரைப் புண், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "நீயே வெச்சிடு" என்றார். நான் கதவுக்கு வைத்தேன், பட்டன் பலகைக்கு வைத்தேன், வாழையிலையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்த ஹோல்டர்களுக்கெல்லாம் வைத்தேன். அப்புறமும் கிண்ணத்தில் சந்தனம் மீதி இருந்தது. என் பிள்ளையின் வேலை நடக்கப்போகிற இடம் அதுதானே, அங்கே வைக்காமல் வேறெங்கே வைப்பது என்று, உங்க நைனா சுண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கையை மேலே விட்டு அந்தக் குழிக்குள் கட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமமும் வைத்தேன். சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்றுகூட இன்னும் நினைவிருக்கிறது. எல்லாம் நல்லா வழவழன்னு வரணும் தாயே என்றுதான் வேண்டினேன்.

மறுநாள் விஜயதசமியன்று காலையில் நீ குளித்துவிட்டு வந்தாய். அதற்குள் நான் ஹோல்டர்களை எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தேன். நீ துணியை எடுத்தபோது, "எல்லாத்தையும் தொடச்சிட்டேன் கண்ணு, நல்ல நேரம் முடியப் போவுது, மாட்டு" என்று அவசரப்படுத்தினதும் நான்தான். என் பேச்சை நம்பி நீ மாட்டினாய். குழிக்குள் வைத்தது எனக்கு நினைவே வரவில்லை. குனிந்து மேலே பார்த்தால்தானே அது கண்ணில் படும். முதல் மூடி வெளியே வந்ததும் நீ வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததையும், நகத்தால் தடவினதையும், உன் முகம் மாறினதையும் பிசிர் எடுக்கிற மேசையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் நீ பட்ட பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவ்வளவையும் நான் பார்த்தேன். முதலில் உன் மேலேயே சந்தேகப்பட்டாய். சாம்பிள் கொடுத்த பிறகு, ஒரு பீஸுக்கு இரண்டு நிமிஷம் மிச்சமாகட்டும் என்று லீவில் உட்கார்ந்து நம்பரை மாற்றியிருந்தாயே, அதனால்தான் என்று பழைய நம்பரையே போட்டாய். கோடு போகவில்லை. வேகத்தைக் குறைத்தாய், கூட்டினாய். கட்டரில் வெட்டுகிற பல்லைக் கழற்றிப் புதுசு மாட்டினாய். வெட்டும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலண்ட் தண்ணியாகிவிட்டதோ என்று எண்ணெய் கூடுதலாகக் கலந்தாய். பீஸ் ஆடுகிறதோ என்று பிடியை இறுக்கினாய். வேறு கட்டரையே மாட்டிப் பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, மூடியின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, வரிசையாக வைத்தாய். பதினோரு மூடி இருந்தது. உங்க நைனாவுக்கு அந்தப் பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை, ஒரே நேரத்தில் நாலைத் திருகுகிறவர் அவர். மூன்றாம் நாள் நாலு மணி வாக்கில் நீ அந்த வரிசை முன்னால் நின்று, "எந்தக் கட்டர் மாட்டுனாலும் கோடு வருது நைனா. அப்போ கட்டர்ல இல்ல, ப்ரோகிராம்லயும் இல்ல. ஸ்பிண்டில்லதான் ஏதோ இருக்குது. டயல் வெச்சுப் பாத்துடலாம்" என்றாய். டயல் என்றால் ஆட்டத்தைக் காட்டுகிற அந்த முள் வைத்த சின்ன மீட்டர். அதை வைத்திருந்தால் ஐந்தே நிமிஷத்தில் முடிந்திருக்கும். நீ சரியான இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டாய் கண்ணு. இன்னும் அரை முழம்தான் பாக்கி.

ஆனால் அந்த ஸ்பிண்டில் உங்க நைனாவின் கௌரவம். ஆறு மாசம் முன்னால்தான் அவரே பிரித்து பேரிங் மாற்றியிருந்தார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பம்ப் கம்பெனியிலிருந்து பீஸ் பார்க்க ஒருவர் வந்து நின்றார். அவர் எதிரில்தான் உங்க நைனா அந்த வார்த்தையைச் சொன்னார். "ப்ரோகிராம் போடத் தெரியாதவன்தான் மெஷின கொற சொல்லுவான். உன் கை ராசி அப்பிடிடா. நீ தொட்டது எதுவும் ஒழுங்கா வராது." நீ டயலை எடுத்த இடத்திலேயே வைத்தாய், கையைக் கழுவினாய், வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தாய். நான் வாசல் வரை ஓடி வந்தேன். "சாப்டுட்டுப் போடா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான் போலிருக்கிறது.

அன்றைக்குச் சாயந்தரம் விளக்கேற்ற ஷெட்டுக்குப் போனேன். பூசைச் சந்தனம் கதவிலும் பலகையிலும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தேன். கதவு ஆச்சு, பலகை ஆச்சு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கையை மேலே விட்டுத் தடவினேன். இருந்தது. ஹோல்டர் அழுத்தி அழுத்தி அப்பளத் துண்டு மாதிரி மெல்லிசாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் நான் துடைத்தேன். விரலில் மெழுகு மாதிரி வந்தது. துணியை அடுப்பில் போட்டேன். நீ அப்போது திண்டிவனம்கூடத் தாண்டியிருக்க மாட்டாய். ஒரு போன் போட்டிருந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பாய். போன் என் இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் உங்க நைனா நொண்டிக்கொண்டே போய்ப் பழைய நம்பரைப் போட்டு ஓட்டினார். கண்ணாடி மாதிரி வந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "பாத்தியாடி? அதே மெஷினு, அதே கட்டரு. கைதான் வேற." நான் தலையாட்டினேன். உனக்கும் அவரே போன் போட்டு, "நா ஓட்டுனேன், வந்துடுச்சு" என்று சொன்னார். நீ "சரி நைனா" என்று வைத்துவிட்டாயாம். நீ பழைய நம்பரைப் போட்டபோது வராத ஃபினிஷ் அவர் போட்டபோது வந்தது என்றால், நீ வேறென்ன நினைப்பாய்? அன்றைக்குத்தான் உனக்கு உன் கை மேல் நம்பிக்கை போனது என்று எனக்குத் தெரியும். அவர் திட்டினபோது போகவில்லை. அந்தப் போனில்தான் போனது. அதை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் கத்துவாரே என்று பயம், அது உண்மை. சாமிக்கு வைத்த பொட்டால் கெட்டது என்று சொல்ல நாக்கு கூசியது, அதுவும் உண்மை. ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதிப் பிரயோஜனம் இல்லை. நீ போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. கூலண்ட் பட்டுப் பட்டு உன் கையெல்லாம் வெடித்துப் புண்ணாகிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். இவரோடு நின்று இவர் வாயிலேயே விழுந்து வாழ்க்கை போய்விடுமோ என்று பயந்தேன். வெளியே போனால் ஏசி ரூமில் நாற்காலி போட்டு உட்காருவான், வெள்ளைச் சட்டை போடுவான் என்று ஒரு கணக்குப் போட்டேன். போன பிள்ளை நல்லபடியாகப் போகட்டும், எதற்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போய்ச் சேர்ந்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் குடோனில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலையில். மெஷின் வேலை எத்தனையோ கம்பெனியில் இருந்தும் நீ ஒன்றுக்கும் போகவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது வல்லத்துப் பையன் ஒருவன், மெஷின் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதற்கு, "எனக்கு அது வராது" என்றாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

நைனாவிடம் சொன்னேன். அடுத்த வருஷப் பூசைக்கு நான் மெஷினுக்குச் சந்தனமே வைக்கவில்லை, பூ மட்டும் சாத்தினேன். "இன்னாடி, பொட்டு எங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று காத்துக்கொண்டிருந்தேன், கத்தவில்லை. எழுந்து போய், கையை மேலே விட்டு அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார், ஒரு வருஷத்துக்கு முன்னால் துடைத்துவிட்ட இடத்தை. தடவின கையை எடுக்காமலே, "ஸ்பிண்டிலுன்னு சொன்னான் இல்ல" என்றார். அப்புறம், "டயல் வெக்கலாம்னு சொன்னான்" என்றார். நான் போனை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லாத. திட்டுனது நானு. நானே சொல்றேன்." அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் உனக்குப் போன் போட ஆரம்பித்தாரே, அது இதற்காகத்தான். அதுவரை உனக்கு அவராகப் போன் போட்டதே கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார், யாரோ எதிரில் வந்து நிற்கப்போகிற மாதிரி. "சாப்டியா?" என்பார். நீ சாப்டேன் என்பாய். "வேலை எப்பிடி போவுது?" நீ போவுது என்பாய். "மழையா அங்க?" நீ ஆமா என்பாய். "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கமாட்டார். "அடுத்த வாரம்" என்பார். பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கினார், நான் வாசலிலேயே கைகூப்பிக்கொண்டு நின்றேன், இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று. அரை மணி கழித்து இரண்டு பேரும் வந்தீர்கள். என்ன பேசினார் என்று உன்னைக் கேட்டேன். "ஒண்ணுமில்லமா. டீ சாப்டறியான்னு கேட்டாரு" என்றாய். மாசி மாசம், ஒரு சனிக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வரவில்லை.

அவரை நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கு அரை நொடி போதும், அதைத் திரும்ப எடுக்க அந்த மனுஷனுக்கு ஐந்து மாசம் போதவில்லை. நீயும் நாளைக்கு யாருக்காவது புருஷனாவாய், அப்பனாவாய். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அடுத்த வாரம் என்று வைக்காதே, சட்டை போட்டுக்கொள்ளக்கூடக் காத்திருக்காதே. இந்த ஒன்றைத்தான் அம்மாவாக உனக்குச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் இதைச் செய்யாமல் விட்டவர்கள். நீ திரும்பி வந்து மெஷினை ஓட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. வித்துவிடச் சொன்னால் மாமா ஆள் பார்ப்பார். குடோனிலேயே இருக்கிறேன் என்றாலும் உன் இஷ்டம். ஆனால் எனக்கு அது வராது என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே கண்ணு. வந்தது. பதினோரு மூடியை வரிசையாக வைத்து, தப்பு எங்கே என்று விரல் நீட்டிக் காட்டினவன் நீ. அந்த ஷெட்டில் அன்றைக்கு விஷயம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான், உங்க நைனா கடைசியில் அதை ஒத்துக்கொண்டார். உன் காதில் விழாமல் ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். அடக்கிக்கொண்டு, பாவம் வயசானவள் என்று விட்டுவிடாதே. ஒரு நாள் ஆகட்டும், ஒரு வாரம் ஆகட்டும், போன் பண்ணு. பண்ணும்போது சாப்டியாம்மா என்று மட்டும் கேட்காதே. கேட்டால் நானும் சாப்டேன் என்பேன், அங்கே மழையா என்பேன், அப்படியே வைத்துவிடுவோம். எடுத்த எடுப்பில் திட்டு. ஏன்மா அப்படிச் செஞ்ச என்று சத்தமாகக் கேள். நான் போனை வைக்கமாட்டேன்.

அம்மா